எத்தனை கிளம்பின?

கொல்லிமலை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறை. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி வீதம், மலையையும் அங்குள்ள மக்களையும் ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கின்றன. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்காகக் குடைய நினைத்ததும் இதே வகைப் பாறையைத்தான். காஸ்மிக் கதிர்களின் இரைச்சலைப் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ உள்ளே வரும் என்பது கணக்கு.

வெளிநாட்டு முடுக்கியிலிருந்து தேனிக்கு நியூட்ரினோக் கற்றை ஏவப்போகிறார்கள் என்ற அச்சம் அப்போது பரவியது. அது முழுக்கக் கற்பனையும் அல்ல. முதற்கட்டத்தில் வளிமண்டல நியூட்ரினோக்கள் மட்டுமே. பிற்காலத்துக்கென அப்படியொரு யோசனை ஆய்வாளர்களிடம் இருந்தது. ஜெனீவாவின் செர்னிலிருந்து தேனிக்குப் பூமிக்குள் நேர்கோட்டில் 7,000 கி.மீ.க்கும் அதிகம். கற்றையைத் தரைக்குள் சுமார் 35 பாகை சாய்த்து அனுப்ப வேண்டும். அனுப்புவதைவிடக் கடினம், எத்தனை அனுப்பினோம் என்று சொல்வது.

ஜப்பானின் டி2கே சோதனையை எடுத்துக்கொள்வோம். டோக்காயில் முடுக்கிய புரோட்டான்களை 90 செ.மீ. நீளக் கிராஃபைட் தண்டில் மோதவிடுகிறார்கள். தெறிக்கும் பயான் என்னும் துகள்களை, லட்சக்கணக்கான ஆம்பியர் அளவில் மின்னோட்டம் பாயும் ‘ஹார்ன்’ காந்தங்கள் ஒரே திசையில் திருப்புகின்றன. பயானுக்கு மின்னூட்டம் உண்டு, காந்தத்துக்குப் பணியும். நியூட்ரினோ பணியாது. ஆக, குறிபார்க்கும் வேலையெல்லாம் பயானோடு முடிந்துவிட வேண்டும். பிறகு சுமார் 100 மீட்டர் நீளக் கூடத்தில் பறந்தபடியே பயான்கள் சிதைகின்றன. அப்போது பிறக்கும் நியூட்ரினோக்களைத்தான் 295 கி.மீ. தள்ளி, சூப்பர் காமியோக்காண்டே கருவியில் பிடிக்கிறார்கள்.

ஒரு மோதலில் எத்தனை பயான், எந்தக் கோணம், என்ன வேகம்? கோட்பாட்டை மட்டும் வைத்து இதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, அளந்துதான் ஆக வேண்டும். அந்தத் தண்டின் நகலொன்றைச் செர்னில் என்ஏ61 கருவியில் வைத்து அளந்தார்கள். நியூட்ரினோ எண்ணிக்கைக் கணிப்பின் பிழை ஏறக்குறைய 10 விழுக்காட்டிலிருந்து 5 வரை இறங்கியது. செய்தித்தாளில் தலைப்பாக வராத வேலை. ஆனால் இது இல்லாமல் தலைப்பாக வரும் எந்த முடிவும் இல்லை.

தண்டிலிருந்து 280 மீட்டரிலேயே ஒரு கருவி வைத்திருக்கிறார்களே, அதில் எண்ணிவிட்டால் போதாதா? போதாது. டியூப்லைட் பக்கத்தில் நின்றால் நீளமாகத் தெரியும், தெருக்கோடியிலிருந்து பார்த்தால் புள்ளி. அருகிலுள்ள கருவிக்குச் சிதைவுக் கூடம் முழு நீளத்துக்கும் தெரிகிறது, தொலைவிலுள்ளதற்குப் புள்ளியாகத் தெரிகிறது. அதனால் இரண்டிலும் விழும் ஆற்றல் பரவல் ஒன்றாக இராது. அந்த வேறுபாட்டையும் கணித்த பிறகே, வழியில் எத்தனை நியூட்ரினோக்கள் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறின என்று சொல்ல முடியும்.

இவ்வளவு பாடுபட்டுக் குவித்த கற்றையும் 7,000 கி.மீ. கடப்பதற்குள் பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். தேனியில் விழக்கூடியது, எண்ணிக்கையில், சூரியன் அனுப்புவதன் பக்கத்தில் நிற்காது. 2022இல் தமிழக அரசு பொட்டிப்புரம் திட்டத்துக்குத் தன் எதிர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. காடு, நீர், பாறைக்கு வெடி வைப்பது பற்றிய கேள்விகளுக்கு நியாயம் உண்டு. கற்றையைப் பற்றிய அச்சத்துக்கு இல்லை.