எவ்வளவு காற்று போதும்

காரின் பானெட் மேல் புடைத்து நிற்கும் திறப்பை ஸ்கூப் என்பார்கள். வண்டி ஓடும்போது எதிரே வரும் காற்றை வாங்கி எஞ்சினின் ஏர் ஃபில்டருக்கோ, டர்போ வண்டியானால் அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கோ அனுப்புவது அதன் வேலை. தொழிற்சாலையிலிருந்தே அதோடு வரும் வண்டிகள் உண்டு. 2009இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ஃபார்ச்சூனரின் ஸ்கூப் இன்டர்கூலரைக் குளிர்விப்பதற்காக வைக்கப்பட்டது. பட்டறையில் பானெட்டை வெட்டிப் பொருத்துவது வேறு வகை. எஞ்சினும் மூச்சு விடுகிறது, வாயை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டால் இன்னும் வலிமை வரும் என்ற நம்பிக்கையில் செய்யப்படுவது அது. அந்த நம்பிக்கையில் பாதியை மெக்கானிக்கிடம் கேட்டுத் தெளியலாம். மற்றப் பாதி, அதாவது உள்ளே இழுப்பதுதான் வலிமையா, ஒருவர் எடுத்துக்கொள்ளத் தகுந்த காற்று எவ்வளவு என்பது, தமிழ்நாட்டுச் சமணரும் சைவரும் நெடுங்காலம் எண்ணிப் பார்த்த கேள்வி.

முதலில் மெக்கானிக்கின் பாதி. தருமபுரி மாவட்டத்தின் தென்கோடியில், தேசிய நெடுஞ்சாலை 44இல், தொப்பூர் கணவாய் இருக்கிறது. சேலம் பக்கத்திலிருந்து தருமபுரிக்கு ஏறும் பழைய வண்டிகள் அங்கே திணறும். இரண்டாம் கியருக்கு இறங்கி மணிக்கு 30 கிலோமீட்டரில் ஊர்ந்து போகும். எஞ்சினுக்குக் காற்று அதிகம் தேவைப்படும் இடம் அதுதான். ஆனால் அந்த வேகத்தில் எதிர்க்காற்று ஸ்கூப்பில் மோதி உண்டாக்கும் அழுத்தம் ஏறத்தாழ 40 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ ஒரு லட்சம் பாஸ்கல். சமவெளியில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போனாலும் கிடைப்பது 460 பாஸ்கல் அளவுதான். அரை சதவீதம்கூட இல்லை. காற்றை முட்டித் தள்ளி உள்ளே அனுப்புகிறது என்று ஸ்கூப்புக்குச் சொல்லப்படும் பெருமை இவ்வளவே.

அதன் உண்மையான பயன் குளிர்ச்சி. பானெட்டுக்கு அடியில் எஞ்சின் சூட்டில் 60 டிகிரியாகிவிட்ட காற்றுக்குப் பதிலாக வெளியே இருக்கும் 35 டிகிரிக் காற்று கிடைத்தால், அதே கன அளவில் எட்டு சதவீதம் கூடுதல் காற்று அடங்கும். சூடானால் விரிந்து அடர்த்தி குறைவதும், குளிர்ந்தால் செறிவதும் காற்றின் இயல்பு. அதுவும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான் தெரியும். மற்ற நேரத்தில் பெட்ரோல் எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை த்ராட்டில் தீர்மானிக்கிறது. திறப்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பானெட்டை ஒட்டிப் போகும் காற்றடுக்கு மந்தமானது. தாழ்வான ஸ்கூப் அந்த மந்தக் காற்றைத்தான் வாங்கும். முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று தேங்கி அழுத்தம் கூடுவதால், பின்பக்கம் பார்த்த திறப்பு அங்கே நன்றாக வேலை செய்யும். 1970இன் செவர்லே செவெல் காரில் அப்படி ஒரு மூடியைப் பின்நோக்கித் திறக்கும்படி வைத்திருந்தார்கள். எதிர்த்து நிற்கும் தாழ்வான வாயைவிடத் திரும்பி நிற்கும் வாய்க்குக் காற்று எளிதாகக் கிடைக்கிறது.

இனி அளவு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் ஒன்பதாயிரம் லிட்டர் காற்று. ஓய்வாக இருக்கும் ஒரு மனிதர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் உள்ளிழுக்கிறார். இரவும் பகலும் சேர்த்தால் அதே ஒன்பதாயிரத்தை ஒட்டி வரும். தொப்பூர் ஏறி முடிப்பதற்குள் ஒரு கார் குடிக்கும் ஒரு லிட்டர், ஓர் ஆளின் ஒரு நாள் மூச்சுக்குச் சமம்.

இந்தக் கணக்கைக் கேட்டால் முதலில் சங்கடப்படுபவர் சமணர். தருமபுரியின் பழைய பெயரான தகடூரோடு சமணத்துக்குத் தொடர்பு உண்டு. போளூர் அருகே திருமலையில் இருக்கும் யட்ச, யட்சி உருவங்களைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டில், தகடூர் அதிகமான் மரபில் வந்த விடுகாதழகிய பெருமாளின் பெயர் இருக்கிறது. சமண நெறிப்படி காற்றும் உயிர். நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்களும் தாவரங்களும் ஓரறிவுள்ளவை. காற்றைக் கலைத்தால் வாயுகாயம் எனப்படும் உயிர்களுக்குத் துன்பம் உண்டாகும். துறவிகள் விசிறிக்கொள்ளாதது இதனால்தான். எஞ்சின் என்பதே அந்த உயிர்களை இழுத்து நெருப்பில் இடும் கருவி என்றாகிறது.

ஆனால் இல்லறத்தாருக்குச் சமணம் அவ்வளவு கடினமான கட்டளை இடவில்லை. ஓரறிவு உயிர்களுக்குத் தீங்கே செய்யாமல் வீடு நடத்த முடியாது என்பதை அது அறியும். அவர்களுக்கு அது விதித்தவற்றுள் ஒன்று, பயனின்றித் தீங்கு செய்யாமை. அனர்த்த தண்ட விரதம் என்று பெயர். சமந்தபத்திரரின் ரத்னகரண்டக சிராவகாசாரம், காரணமில்லாமல் நிலத்தைக் கிளறுவது, நீரை அலைப்பது, தீ மூட்டுவது, காற்றைக் கலைப்பது, செடிகொடிகளை அறுப்பது எல்லாவற்றையும் இதில் ஒரே வரிசையில் வைக்கிறது. இல்லறச் சமணருக்காகத் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு அந்த நூலின் வழிவந்ததே.

இங்கே அறமும் கணக்கும் ஒன்றாகிவிடுகின்றன. ஸ்கூப் வைப்பது குற்றமா என்று கேட்டால், அது வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்து வரச் சொல்லும் நெறி இது. இன்டர்கூலரைக் குளிர்வித்து ஏற்றத்தில் இழுவையைக் காப்பாற்றும் திறப்புக்குக் காரணம் இருக்கிறது. பின்னால் எந்தக் குழாயும் இல்லாமல் பானெட் மேல் ஒட்டவைத்த பிளாஸ்டிக் மூடி உள்ளே ஒரு சொட்டுக் காற்றும் விடுவதில்லை. வெளியே காற்றைக் கிழித்து எதிர்ப்பைக் கூட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. பயனற்ற கலக்கம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. வண்டியின் அழகும் ஒரு பயன்தானே என்று வாதிடலாம். அந்த வாதத்தைச் சமணம் ஏற்காது. பொருளுக்கு வரம்பு கட்டிக்கொள்ளச் சொல்லும் மற்றொரு விரதம் குறுக்கே நிற்கும்.

சைவம் வேறு பக்கமிருந்து வருகிறது. அதற்குக் காற்று உயிரல்ல, சடம், வண்டியும் சடம். ஆசை வண்டியை ஓட்டுபவருடையது. ஆகவே காற்றுக்கு என்ன நேர்கிறது என்பதை விட்டுவிட்டு, இழுப்பவருக்கு என்ன நேர்கிறது என்று அது கேட்கிறது. திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் மூச்சுப் பயிற்சிக்கு ஓர் அளவு தருகிறது. உள்ளிழுக்கும் பூரகம் 16 மாத்திரை, நிறுத்தும் கும்பகம் 64, வெளிவிடும் இரேசகம் 32. மாத்திரை என்பது கால அளவு; கண்ணிமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம். மூன்றில் மிகச் சிறியது உள்ளிழுப்பது. வெளிவிடுவதற்கு அதைப் போல இரு மடங்கு, தக்கவைப்பதற்கு நான்கு மடங்கு. வலிமை சேரும் இடம் வாயில் இல்லை என்பது இந்த அளவில் தெளிவு.

யோகத்தை எஞ்சினோடு ஒட்டிப் பார்ப்பதற்கு எல்லை உண்டு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இழுத்தல், அழுத்தல், எரிதல், கழித்தல் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் எடுக்கும். திருமூலரின் விகிதம் அதில் இல்லை. என்றாலும் ஒரு செய்தி இரண்டுக்கும் பொது. புகைக்குழாய் அடைத்திருந்தால், பழைய புகை வெளியேறாத சிலிண்டருக்குள் புதுக் காற்று போதிய அளவு நுழையாது. மேலே எத்தனை ஸ்கூப் வைத்தாலும் பயனில்லை. அழுத்தம் தாங்காத தேய்ந்த பிஸ்டன் ரிங்குக்கும் அதே கதிதான். வண்டியின் கோளாறு பெரும்பாலும் தங்காத இடத்திலும் கழியாத இடத்திலும் இருக்கும். உரிமையாளரின் கண் மட்டும் வாயின் மேலேயே நிற்கும்.

சட்டமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவுபெற்ற வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. பானெட்டை வெட்ட நினைப்பவர் முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கார்களில் ஏர் ஃபில்டருக்கான குழாய் ஏற்கெனவே முன் கிரில்லின் ஓரத்திலிருந்தோ சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டரிலிருந்தோ வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. அந்தக் குழாய் கழன்றோ விரிசல் விட்டோ இருந்தால் எஞ்சின் சூட்டுக் காற்றை இழுக்கும். தொப்பூரில் திணறும் வண்டிக்கு முதலில் அந்தக் குழாயையும், தூசி அடைந்த ஃபில்டரையும், புகைக்குழாயையும் பாருங்கள்; இவை மூன்றும் சரியாக இருக்கும் வண்டிக்குப் பெரும்பாலும் ஸ்கூப் தேவைப்படாது.