கற்றோர் கடன்

2024 டிசம்பர் இறுதியில், 500 அரசுப் பள்ளிகளுக்கு வேண்டிய வசதிகளைச் செய்து தர முன்வருவதாகத் தனியார் பள்ளிகளின் சங்கம் ஒன்று அறிவித்தது. அது ‘தத்தெடுப்பு’ என்ற பெயரில் பரவியதுதான் தாமதம், அரசுப் பள்ளிகளைத் தாரைவார்ப்பதா என்று கண்டன அறிக்கைகள் குவிந்தன. தத்தும் இல்லை, தாரைவார்ப்பும் இல்லை என்று அப்போதைய பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஸ் விளக்கம் தந்தார். சச்சரவு ஓய்ந்தது, கேள்வி ஓயவில்லை. கல்விப் பணியில் இருப்பவர்கள் கூடிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்குப் பொருளும் உழைப்பும் தருவது அறமா, அரசின் கடமையில் குறுக்கீடா?

அறமே. இதில் ஐயத்துக்கு இடமில்லை. கற்றவர் தாம் பெற்றதைத் திருப்பிச் செலுத்துகிறார், அவ்வளவுதான்.

வள்ளுவர் ஈகைக்கு முன்பாகவே ஒப்புரவை வைத்தார். பொழியும் மழை உலகத்திடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை என்றே அந்த அதிகாரம் தொடங்குகிறது. ஆசானுக்கு இடுக்கண் வந்தபோது உதவியும் பொருள் கொடுத்தும் கற்கச் சொல்கிறான் புறநானூற்றில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். அகரம் எழுதப் பழக்கிய ஆசிரியர் இன்று ஓய்வுபெற்றிருப்பார், அல்லது மறைந்திருப்பார். அவருக்குரிய கடனை அவர் நின்று பாடம் நடத்திய வகுப்பறையில் செலுத்தாமல் வேறு எங்கே செலுத்துவது? திருப்பிச் செய்ய முடிந்தவர்க்குக் கொடுப்பதை அறத்தை விலைபேசுவதாகவே மணிமேகலை பார்க்கிறது; இயலாதவர் பசி தீர்ப்பவரிடமே மெய்யான வாழ்க்கை இருப்பதாகச் சொல்கிறது. ஐந்து வயதுக் குழந்தை யாருக்கு என்ன கைம்மாறு செய்துவிடும்?

நூல்களை விடுவோம், வரலாறும் இதையே சொல்கிறது. காமராசர் காலத்து மதிய உணவு ஊராரின் கொடையைத் துணைகொண்டு தொடங்கியது. அன்றைய கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிவைத்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் மேசையும் நாற்காலியும் சீருடையும் கொண்டுவந்து குவித்தார்கள். இன்றும் பல ஊர்களில் ‘கல்விச் சீர்’ என்று தாம்பாளத்தில் நோட்டுப் புத்தகம், பின்னால் பீரோ, முன்னால் மேளம் என ஊர்வலம் போகிறது. தாய்மாமன் சீருக்கு இருக்கும் மிடுக்கு அதற்கும் உண்டு. யாரும் அதைத் தாரைவார்ப்பு என்று சொன்னதில்லை.

பொருளைவிட உழைப்பு பெரிது. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஒருவர் பள்ளி விவரங்களை எமிஸ் இணையதளத்தில் பதிவேற்ற உட்கார்ந்துவிட்டால், மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டியதுதான். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாரம் இரண்டு நாள் வந்து, எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னால், அதற்கு ஈடாக எந்த ஸ்மார்ட் டி.வி.யையும் சொல்ல முடியாது.

கல்வி தருவது அரசின் கடமை என்பது உண்மைதான். அரசியல் சட்டத்தின் 21ஏ பிரிவும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் அதைத்தான் சொல்கின்றன. கொடையைக் காட்டி அரசு கைகழுவிவிடக் கூடாது. ஆனால் 2024-25-க்குரிய சமக்ர சிக்ஷா நிதி ரூ. 2,152 கோடியை ஒன்றிய அரசு தராததால் தமிழ்நாடு வழக்காடிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்புக்குப் போய்விட்டது. தீர்ப்பு வரட்டும் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லும் நெஞ்சுரம் யாருக்கு இருக்கிறது?

ஒன்றை மட்டும் ஏற்க முடியாது. சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு, பள்ளியின் பெயரைவிடப் பெரிதாகத் தன் நிறுவனத்தின் பெயரை எழுதுவது விளம்பரச் செலவு. மறுமையில் பலன் கிடைக்கும் என்று கொடுக்கும் அறவாணிகன் அல்லன் வள்ளல் ஆய் என்று புறநானூற்றில் முடமோசியார் பாடினார். இங்கே பெயர் எழுதுவோர் தம் பள்ளியின் மே மாதச் சேர்க்கையிலேயே பலன் கேட்கிறார்கள். மதுரை கொடிக்குளம் பள்ளிக்குத் தன் நிலத்தை எழுதிக்கொடுத்த பூரணம் அம்மாள், மறைந்த மகள் ஜனனியின் பெயரை வைக்கக் கேட்டாரே என்று சிலர் சொல்லக்கூடும். பெற்றவளின் துக்கத்தையும் சேர்க்கை விளம்பரத்தையும் ஒரே தட்டில் வைப்பவரோடு பேசிப் பயனில்லை.

கொடுப்பவர் கேட்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். என்ன வேண்டும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும் என்று அவர்கள் சொன்னால், வாங்கிவைத்த டி.வி.யை ஒதுக்கிவிட்டு முதலில் குழாய் போட்டுக் கொடுக்கட்டும்.