சுவரேறிக் குதிக்கும் நீதி

பொலிஸ் படங்களின் கதை ஏறத்தாழ ஒன்றுதான். நகரத்தில் ஒரு கொடியவன். சட்டமோ ஆமையாய் நகர்கிறது. கதாநாயக அதிகாரி துப்பாக்கியாலேயே தீர்ப்பெழுதி விடுகிறார். 1971இல் வந்த 'டேர்ட்டி ஹரி'யும் 2003இல் கௌதம் மேனன் இயக்கிய 'காக்க காக்க'வும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

வலப்பனைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் இத்தகைய காட்சிகளுக்குக் கைதட்டல் எழக் கேட்டிருக்கிறேன். கைதட்டியவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். வழக்கு, தவணை என்று வருடக்கணக்கில் அலைந்து களைத்தவர்களும் அவர்களுள் உண்டு. விரைவான நீதி மீதான அவர்களது பசியை நான் இகழமாட்டேன். அந்தப் பசிக்குப் பரிமாறப்படுவது என்ன என்பதே என் கேள்வி.

வில்லன் கொலை செய்வதை கமரா நமக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறது. ஆகவே அவன் சுடப்படும்போது நமக்குச் சந்தேகமே எழுவதில்லை. உண்மையான பொலிஸ்காரரிடம் அந்தக் கமரா இல்லை. அவரிடம் இருப்பது ஊகம், தகவல், மேலதிகாரியின் அவசரம். படத்தில் இயக்குநர் தரும் நிச்சயத்தை வாழ்க்கையில் நாம் காக்கிச் சட்டைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

வெற்றிமாறனின் 'விசாரணை' (2015) இந்த மயக்கத்தைக் கலைத்தது. மு. சந்திரகுமார் தன் அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து பிறந்த படம் அது. குண்டூரில் பிழைக்கப்போன தமிழ்த் தொழிலாளர்கள் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி அடிக்கப்படுகிறார்கள். அவர்களில் ஒருவன் பெயர் அஃப்சல். இங்கே கமரா அடிவாங்குபவன் பக்கம் நிற்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் பொலிஸ் தாக்குதலுக்குள்ளான தந்தையும் மகனும் இறந்தபோது, 'சாமி', 'சிங்கம்' படங்களை இயக்கிய ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார்.

நமக்கு இது அயல்நாட்டுக் கதையல்ல. மறைத்த ஆயுதத்தைக் காட்ட அழைத்துச் செல்லப்பட்ட சந்தேக நபர் திருப்பித் தாக்க முயன்று சுடப்பட்டார் என்ற செய்தி நம் பத்திரிகைகளில் பழகிப்போனது. கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தன் தமிழ்க் கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கைது செய்தவர்களின் சந்தேகம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. சந்தேகத்தின் பேரிலேயே தீர்ப்பெழுதும் கதாநாயகன் கையில் அவர் அகப்பட்டிருந்தால்?

குற்றம் நிச்சயமானால் சட்டம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இதற்கு இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் எடுத்துரைக்கும் சம்பவமே விடை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டின் சுவரேறி, உள்ளே ஒருவன் பாவத்தில் இருப்பதைத் தம் கண்ணாலேயே கண்டார்கள். கண்டித்தபோது அவன் சொன்னான்: நான் செய்தது ஒரு தவறு, தாங்கள் செய்தவை மூன்று. துருவி ஆராய்ந்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, அனுமதியும் ஸலாமும் இல்லை. உமர் (ரலி) அவர்கள் அவனிடம் தௌபாவை மட்டும் கேட்டு, விட்டுவிட்டார்கள்.

அங்கே குற்றத்தில் ஐயமே இல்லை. கண்டவரோ கண்டிப்புக்குப் பெயர்பெற்ற ஆட்சியாளர். ஆனாலும் குற்றவாளியின் வாயிலிருந்து வந்த நியாயத்துக்கு அவர் தலைவணங்கினார். நம் திரைக் கதாநாயகர்களுக்குச் சுவரேறத் தெரியும். எதிரே நிற்பவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் தைரியம்தான் அவர்களிடம் இல்லை.