கயிற்றரவும் உளமருத்துவமும்

இருளிற் கிடந்த கயிற்றைப் பாம்பெனக் கண்டு அஞ்சுபவனைத் தத்துவ நூலார் பலகாலும் எடுத்துக்காட்டுவர். கயிறெனத் தெளிந்ததும் அச்சம் அகலும் என்பது அவர்தம் துணிபு. தெளிந்த பின்னும் உடல் நடுங்குமாயின் என் செய்வது?

அமெரிக்காவின் அற்லாண்டா நகரிற் பணியாற்றிய உளவியலாளர் பார்பரா றொத்பாமும் கணினி அறிஞர் லாரி ஹொட்ஜஸும் பிறரும் 1995 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவை எழுப்புகின்றது. உயரத்துக்கு அஞ்சும் மாணவர்கள் தலையில் திரைக்கவசம் அணிந்து, கணினி வரைந்த பாலங்களிலும் கண்ணாடி மின்தூக்கியிலும் நின்றனர். தாம் நிற்பது அறையின் தரையே என்பதை அறிந்திருந்தும் அஞ்சினர். பழகப் பழக அச்சம் தணிந்தது. ஜோசப் வோல்ப் 1950களில் நோயாளியின் கற்பனையைக் கொண்டு செய்வித்ததை இங்கு இயந்திரம் செய்தது எனலாம்.

பொய்யைக் கொண்டு நோய் தீர்த்தல் தகுமோ எனச் சிலர் வினவுவர். இவ்வினா அத்துணை ஆழமானதன்று. வெறும் மாவுருண்டையை மருந்தெனக் கொடுப்பவன் ஒன்றை மறைக்கின்றான். இங்கு மறைக்கப்படுவது யாதுமில்லை. கூத்துப் பார்த்து அழுபவனை ஏமாற்றப்பட்டவன் என எவரும் கூறார்.

மெய்யான இடர்ப்பாடு வேறோரிடத்தில் உள்ளது. 1990களின் பிற்பகுதியில் றொத்பாம் குழுவினர், வியட்நாமிற் போரிட்டு மீண்டோருக்காக ஒரு மெய்நிகர் வியட்நாமை அமைத்தனர். காடு சூழ்ந்த வெளியொன்று. பறக்கும் ஹெலிகொப்டர் ஒன்று. போரொலிகளை எழுப்புவது சிகிச்சையாளரின் கை. உயரத்துக்கு அஞ்சியவனுக்கும் பாலத்துக்கும் இடையே வழக்கெதுவும் இல்லை. போர்வீரனின் நிலை அதுவன்று. அவனது நடுக்கத்துள் அச்சமும் உண்டு. தான் செய்ததன் நினைவும் உண்டு. அத்தகையோருக்குப் பொஸ்டனிற் சிகிச்சையளித்த ஜொனதன் ஷே, 1994 இல் வெளியிட்ட நூலில், மேலோர் அறம் பிழைத்தமையும் வீரனின் உள்ளத்திற் புண்ணாக நிலைப்பதைக் காட்டினார்.

பழக்கத்தால் அச்சம் தேய்தல் நன்று. குற்றவுணர்வும் அவ்வாறே தேய்தல் நன்றோ? அதனை நோயெனக் கொண்டால், மனச்சான்றையே நோயெனக் கொண்டதாகும். எனினும், இரவுதோறும் அலறி எழும் ஒருவனிடம் அதனைப் பேணிக்கொள் என்பதும் கொடுமையே. அவனது அலறல் இறந்தோருக்கு ஈடாகாது. அச்சம் தணிந்த பின்னரே தான் செய்ததை அவன் நேர்நின்று நோக்க வல்லனாவான். ஆதலின் சிகிச்சை வேண்டும். ஆனால், கணினி வரையும் எவ்வுருவும் அவனை மன்னிக்கவோ மன்னிக்க மறுக்கவோ உரிமையுடையதன்று. அவ்வுரிமை உடையோருள் எஞ்சியவர்கள் வியட்நாமின் ஊர்களில் வாழ்கின்றனர்.