உத்திரத்தின் முன்வினை

நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்து உயிர்கள் மாயும்போது எழுகின்ற கேள்விகளுள் மிகப் பழையது, அது யார் செயல் என்பதாகும். தெய்வத்தின் தண்டனை என்பாரும், ஊழின் வலிமை என்பாரும், இயற்கையின் குருட்டு விசை என்பாரும் தம்முள் எவ்வளவு மாறுபட்டாலும், மூவர் விடையிலும் கட்டியவரின் கை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. தொழிற்சாலைக் கட்டடங்களின் நில அதிர்வு இடரை மதிப்பிடுவது பொறியாளர்க்கு மட்டுமே உரிய கணக்காகக் கருதப்பட்டு வந்தாலும், மறைந்துபோன அந்தக் கையை மீண்டும் தேடிக் காணும் அறச்செயல் அது என்பதை, 2012ஆம் ஆண்டு மே மாதம் வட இத்தாலியின் எமிலியா சமவெளியில் நேர்ந்தவை உணர்த்துகின்றன.

போ ஆற்றின் வண்டல் படிந்த அச்சமவெளியில், மே 20 ஞாயிறு அதிகாலை நான்கு மணியளவிலும், மே 29 காலை ஒன்பது மணியளவிலும் இரு பெரும் அதிர்வுகள் நிகழ்ந்தன. இரண்டின் அளவும் ரிக்டர் கணக்கில் 6-ஐ எட்டவில்லை. இறந்த 27 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் தொழிற்கூடங்களுக்குள் இருந்தவர்கள். முதல் அதிர்வில் இரவுப் பணியில் இருந்த தொழிலாளர் நால்வர் மாண்டனர். இரண்டாவது அதிர்வு, ஒன்பது நாள் இடைவெளிக்குப் பின் வேலைக்குத் திரும்பியிருந்தவர்களைப் பகல் வெளிச்சத்தில் கொன்றது. பழைய தேவாலயக் கோபுரங்கள் சரிந்ததில் வியப்பில்லை. சில பத்தாண்டுகளுக்கு முன்னர்தான் எழுந்த கான்கிரீட் கூடங்கள் அவற்றோடு சேர்ந்து சரிந்தது ஏன் என்பதே விடை காண வேண்டிய வினா.

அக்கூடங்கள் முன்வார்ப்புக் கான்கிரீட்டால் ஆனவை. தூண், உத்திரம், கூரைப் பலகம் ஆகியவற்றை ஆலையில் தனித்தனியே வார்த்து, லாரியில் ஏற்றி வந்து, கிரேன் கொண்டு தூக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறை இது. இதில் நோக்க வேண்டிய இடம் தூணின் தலை. அங்கே ஒரு சிறு தளத்தின்மேல் நியோப்ரீன் எனப்படும் செயற்கை ரப்பர்த் துண்டு ஒன்று கிடக்கும்; பல டன் எடையுள்ள உத்திரத்தின் முனை அதன்மேல் அமர்ந்திருக்கும். பல கூடங்களில் இரண்டையும் இணைக்கும் கம்பியோ ஆணியோ எதுவும் இல்லை. உத்திரத்தை இடம்பெயராமல் பிடித்து நிறுத்தியது அதன் எடையிலிருந்து பிறக்கும் உராய்வு ஒன்றே. நிலம் அசையாதிருக்கும் வரை அது போதும். ஆனால் நிலம் பக்கவாட்டில் ஆடும்போது உத்திரம் வழுக்கத் தொடங்குகிறது, மேலும் கீழும் குலுங்கும்போது எடை கணப்பொழுது குறைந்து, எடையை நம்பியிருந்த பிடியும் உடன் தளர்கிறது. மே 29 அன்று மிரண்டோலா நகரில் பதிவான செங்குத்து முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் எட்டுப் பங்கைத் தாண்டியது. தூண்கள் நின்றிருக்க உத்திரங்கள் மட்டும் நழுவி வீழ்ந்து கூரையை இழுத்துக்கொண்டு வந்த காட்சி பல கூடங்களில் காணப்பட்டது.

இணைப்பற்ற அந்த அமைப்பைச் சட்டத்தை மீறிய குற்றம் என்று சொல்லிவிடவும் இயலாது. முன்வார்ப்புக் கட்டடங்களுக்கான 1987ஆம் ஆண்டின் இத்தாலிய விதிகள், உராய்வை மட்டும் நம்பும் இணைப்பை நில அதிர்வுப் பகுதிகளில் விலக்கின. எமிலியாவின் அப்பகுதியோ அன்றைய அரசு வரைபடத்தில் நில அதிர்வுப் பகுதியாகக் குறிக்கப்படவே இல்லை. 2002இல் சான் ஜூலியானோ தி பூலியா என்னும் ஊரில் நிலநடுக்கத்தால் பள்ளி இடிந்து 27 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் இறந்த பிறகே, 2003இல் நாடு முழுமைக்குமான வரைபடம் திருத்தப்பட்டு இப்பகுதியும் அதனுள் வந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான கூடங்கள் எழுந்துவிட்டிருந்தன.

ஆனால் அந்நிலம் தன் இயல்பை ஒளித்து வைத்திருக்கவில்லை. அருகிலுள்ள ஃபெராரா நகரம் 1570 நவம்பரில் பெரும் நிலநடுக்கத்தால் சிதைந்தபோது, யூதர்களுக்கு அடைக்கலம் தந்த கோமகன் இரண்டாம் அல்ஃபோன்சோவுக்கு இறைவன் அளித்த தண்டனை அது என்று போப் ஐந்தாம் பயஸ் கருதினார். கோமகனின் அவையில் இருந்த கட்டடக் கலைஞர் பிர்ரோ லிகோரியோ அதை ஏற்கவில்லை. நிலநடுக்கத்துக்கு இயற்கைக் காரணங்கள் உண்டென்றும், அதிலிருந்து காத்துக்கொள்ள வழி காண்பது மனித அறிவின் கடமை என்றும் எழுதி, நிலநடுக்கத்தைத் தாங்கும் வீடு ஒன்றின் வரைபடத்தையும் தம் நூலில் சேர்த்தார். 442 ஆண்டுகளுக்குப் பிறகு அதே சமவெளி குலுங்கியபோது, அவர் சுட்டிய கடமை நிறைவேறாமலே இருந்தது.

இவ்விடத்தில் ஊழ் என்னும் கருத்தைக் கூர்ந்து நோக்குதல் தகும். முன்பு செய்த வினை பின்பு வந்து பயன் தருகிறது என்பதே ஊழின் உட்பொருள். அப்பொருளில் அந்த உத்திரத்துக்கும் ஒரு முன்வினை உண்டு; வரைபலகையில் ஓர் ஆணி விடப்பட்ட நாளில் செய்யப்பட்ட வினை, பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, ஒரு காலைப்பொழுதில் பழுத்தது. ஆனால் வினைக்கொள்கை, செய்தவனே பயனைத் துய்ப்பான் என்னும் நீதியின்மேல் நிற்பது. இங்கோ வரைந்தவர் ஒருவர், வரைபடம் வகுத்தவர் ஒருவர், செலவைக் கணக்கிட்டவர் ஒருவர். உத்திரத்தின் அடியில் நின்றவரோ இவர்களுள் எவரும் அல்லாத வேறொருவர். மாண்டவர்களுள் இந்தியாவிலிருந்து பிழைப்புக்காகச் சென்ற தொழிலாளி ஒருவரும் உண்டு. வினை ஒருவருடையதாகவும் பயன் மற்றொருவருடையதாகவும் ஆன பிறகு, அதை ஊழ் என்று ஆறுதல் சொல்வது அச்சொல்லின் பொருளையே சிதைப்பதாகும். ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறள், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருப்பது இங்கே எண்ணத்தக்கது.

இதே வினா தமிழ் மண்ணிலும் ஒருமுறை எழுந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது, தீண்டாமைக்கு எதிரான பயணத்தில் இருந்த காந்தி, சில நாட்களில் திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை அது என்றார். பௌதிக நிகழ்ச்சிக்குப் பௌதிகக் காரணமே உண்டு என்றும், இத்தகைய பேச்சு மக்களிடையே பகுத்தறிவின்மையை வளர்க்கும் என்றும் தாகூர் மறுத்தார். காந்தி தம் நம்பிக்கையை நிறுவிக் காட்ட இயலாது என ஒப்புக்கொண்டும் அதைக் கைவிடவில்லை. பேரழிவின் முன் நின்று தன் குற்றத்தைத் தேட வேண்டும் என்பது காந்தி கேட்டது. காரணத்தை அது இருக்கும் இடத்திலேயே தேட வேண்டும் என்பது தாகூர் கேட்டது. இடர் மதிப்பீடு இவ்விரண்டு வேண்டுகோளையும் ஒருசேர நிறைவேற்றுகிறது. அது தேடுவதும் குற்றத்தையே, ஆனால் தேடும் இடம் தூணின் தலை.

இடர் என்பது மூன்றின் கூட்டு விளைவு: அந்நிலத்தில் எவ்வளவு வலிய அதிர்வு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடும் என்பது ஒன்று, அந்த அதிர்வுக்குக் கட்டடம் எந்த அளவு நலியும் என்பது மற்றொன்று, அப்போது அதன் அடியில் எத்தனை உயிர்கள் இருக்கும் என்பது மூன்றாவது. முதலாவதை மனிதர் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் மனிதர் கையில் இருப்பவை. 50 ஆண்டுகளில் 10 விழுக்காடு வாய்ப்புள்ள அதிர்வு என்று பொறியாளர் கூறுவது நாள் குறித்துச் சொல்லும் ஆரூடம் அன்று. அறியாமையின் எல்லையை அளந்து, அந்த எல்லைக்குள் கடமையை வகுக்கும் முயற்சி அது. எமிலியாவின் பேரழிவுக்குப் பின் வந்த இத்தாலியச் சட்டம், ஒரு கூடத்தைத் தற்காலிகமாகத் திறக்கும் முன் மூன்று குறைகளைத் தேடச் சொன்னது: தூணுக்கும் உத்திரத்துக்கும், உத்திரத்துக்கும் கூரைக்கும் இடையே இணைப்பின்மை, கட்டடத்தோடு உறுதியாகப் பொருத்தப்படாத சுவர்ப் பலகங்கள், பாரம் ஏற்றிய நிலையில் சரிந்து தூண்களையும் உடன் சாய்க்கக்கூடிய, பிணைப்பற்ற சரக்கு அடுக்குகள். பின்னர் நடக்கும் முழு மதிப்பீட்டில், புதிய கட்டடத்துக்கு வேண்டிய பாதுகாப்பில் 60 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்றும் விதித்தது.

எஞ்சிய 40 விழுக்காட்டைக் கணக்கால் மட்டும் தீர்க்க முடியாது. எல்லாப் பழைய கூடங்களையும் இடித்துக் கட்டப் பணம் போதாது என்பது உண்மை. வேலை இல்லாமல் தொழிலாளி வாழ முடியாது என்பதும் உண்மை. எனினும், எவ்வளவு இடரை ஏற்கலாம் என்பதை உத்திரத்தின் அடியில் நிற்காதவர் மட்டுமே கூடி முடிவு செய்தால், அம்முடிவு சரியான கணக்காக இருந்தும் நீதியாகாது. நிற்பவருக்கு அந்த எண் தெரிந்திருக்க வேண்டும். அவர் சொல்லும் அதில் சேர்ந்திருக்க வேண்டும்.

மே 29 அன்று இறந்தவர்களுள், முதல் அதிர்வுக்குப் பின் ஒரு கூடம் பாதுகாப்பானதா எனச் சோதிக்கச் சென்றிருந்த பொறியாளர் ஒருவரும் இருந்தார். அறியும் முயற்சியும் மரணத்தை முற்றிலும் வெல்வதில்லை என்பதை அவர் முடிவு சொல்கிறது. மனித முயற்சிக்கு அப்பாற்பட்ட ஒரு மிச்சம் எப்போதும் உண்டு. அதற்கு ஊழ் என்று பெயரிடுவதில் பிழையில்லை. ஆனால் ஏணி வைத்து ஏறி, தூணின் தலையில் கை வைத்துப் பார்த்து, இல்லாத ஆணியை அடித்து முடித்த பிறகும் எஞ்சுவதே அந்த மிச்சம். ஏணியில் ஏறாதவருக்கு அச்சொல்லைச் சொல்லும் உரிமை இல்லை.