காயாத துணியும் இலவசக் கச்சேரியும்

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் டிசம்பர் வந்துவிட்டதற்கு முதல் சாட்சி மொட்டைமாடிக் கொடிதான். போட்ட ஜீன்ஸ் போட்டபடியே தொங்கும். தொட்டுப் பார்த்தால் இடுப்புப் பட்டையில் ஈரம் அப்படியே இருக்கும். இடையில் ஒரு தூறல் விழுந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அறைக்குள் மின்விசிறிக்கு நேர்கீழே கயிறு கட்டி மிச்சத் துணிகளைப் போட்டிருக்கிறோம். அவற்றுக்கு அடியில் குனிந்து நடந்துதான் மூன்று பேர் படிப்பதும் தூங்குவதும். விடியற்காலை 22 டிகிரிக்குக் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடக்கப் போகும் பெரியவர்களைப் பார்த்து வடக்கிலிருந்து வந்த மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வருஷம் முழுக்க வியர்த்துக் கொட்டுகிற ஊருக்குப் போர்வை கேட்கும் சில வாரங்கள் வாய்த்தால் அது கொண்டாடாமல் என்ன செய்யும்?

நான் சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில், எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. சோழர்களைப் பற்றி எழுதிய நீலகண்ட சாஸ்திரி பேராசிரியராக இருந்த துறை என்று சேர்ந்த புதிதில் ஊரில் பெருமையாகச் சொன்னேன். “சரி, முடிச்சா என்ன வேலை?” என்றார் பெரிய மாமா. அதன்பிறகு நான் சாஸ்திரியை எங்கள் ஊருக்கு அழைத்துப் போவதில்லை.

டிசம்பருக்குள் செமஸ்டர் தேர்வு முடிந்துவிடுகிறது. எழுதியதை யாரோ எங்கோ திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து எழுத வேண்டியதை இன்னும் யாரும் கேட்கவில்லை. நெட் தேர்வு ஒன்று இருக்கிறது. டிசம்பர் தேர்வு என்றுதான் அதற்குப் பெயர், சில ஆண்டுகளில் அது ஜனவரிக்குப் போய்விடும். இப்படி இரண்டு பக்கமும் ஆள் இல்லாத ஒரு சந்து கிடைக்கிறது. மதிப்பெண் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது, ‘இன்டர்னல்’ கிடையாது. பட்டமேற்படிப்பின் உண்மையான பாடம் இந்தச் சந்தில்தான் நடக்கிறது என்பது என் கட்சி.

எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆங்கிலேய அரசின் பதிவேடுகளை வைப்பதற்கென்று 1909இல் அமைந்த கட்டடம். மேட்டூர் அணை 1934இல் திறந்தபின் கல்லணைக் கால்வாயும் வடவாறு நீட்டிப்பும் புதிதாகத் தண்ணீர் கொண்டுபோன ஊர்களில் பாசன நிர்வாகம் எப்படி மாறியது என்பது என் புராஜெக்ட். அதற்குப் பொதுப்பணித் துறையின் பழைய அரசாணைகளைப் பார்க்க வேண்டும். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது பக்கத்து மேஜைக்காரரின் கோப்பை எட்டிப் பார்க்கலாம். கேட்ட கோப்பு வந்ததும் அவிழ்த்தால், ஓரங்கள் பொடியாகி மேஜையில் உதிரும். எனக்கு வேண்டிய பக்கம் நடுவில் எங்கோ இருக்கும். அதற்குப் போகும் வழியில்தான் எல்லாம்: மடை தங்களுக்குக் கீழே வைக்கப்பட்டுவிட்டதென்று மிராசுதாரர்கள் கொடுத்த மனு, அதன் ஓரத்தில் ஓர் அதிகாரி பென்சிலால் போட்டுவிட்டுப் போன ஒற்றைக் கேள்விக்குறி, மதகு பார்க்கும் லஸ்கர் ஒருவர் தன் சைக்கிள் படிக்காக எழுதிய மூன்றாவது நினைவூட்டல். லஸ்கருக்குப் படி கிடைத்ததா என்று தேடி ஒரு மத்தியானத்தையே கழித்திருக்கிறேன். “இது உன் புராஜெக்டுக்குத் தேவையா?” என்று என் நெறியாளர் கேட்டார். தேவையே இல்லை. அதனால்தான் அவ்வளவு ருசி.

மழை பிடித்துக்கொண்டால் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம். அதுவும் டிசம்பர்க் குழந்தைதான், 1896 டிசம்பர் 5இல் திறந்தது. நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அங்கே போய்ச்சேர வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே நல்ல புத்தகம் மட்டுமல்ல, யாருமே எடுத்துப் பார்த்திராத புத்தகமும் அங்கே இருக்கும். வீட்டு மருத்துவம், சைக்கிள் பழுதுபார்ப்பு, யாரோ ஒருவர் சொந்தச் செலவில் போட்ட காசி யாத்திரை. நனைந்த செருப்போடு உட்கார்ந்து அந்த யாத்திரைக்காரர் ரயிலில் தயிர்சாதத்தைப் பறிகொடுத்த கதையைப் படிப்பதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் கிரெடிட் தராது.

இரண்டாம் வாரம் தாண்டினால் கச்சேரிகள். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே நடந்த இசை மாநாட்டிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி வந்தது. அங்கிருந்து வளர்ந்ததுதான் இந்தப் பருவம். சாயங்காலத்துப் பெரிய பெயர்களுக்கு டிக்கெட் வேண்டும். அது நம்மால் ஆகாது. மத்தியானத்துக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் கதவு திறந்தே கிடக்கும். பாடுகிறவருக்கு என் வயதுதான் இருக்கும். எதிரே பாதிக்கு மேல் காலி நாற்காலி, முன்வரிசையில் அம்மா அப்பா, குரு, அங்கங்கே குட்டிப் புத்தகத்தைப் புரட்டி ராகத்தைச் சரிபார்க்கும் பெரியவர்கள். இன்னும் விலை குறிக்கப்படாதவர் என்பதால் இலவசம். அவரும் முடிவு வராத தேர்வைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியபிறகு எனக்கு அந்த மத்தியானங்களின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் கோபம்கூட வருகிறது. மிருதங்கக்காரப் பையன் இதற்காக எத்தனை வருஷம் சாதகம் செய்திருப்பான்! நான் முடியும்வரை இருந்துவிட்டுத்தான் போவேன். அதுவும் காபிக்கு மட்டும். கேன்டீன் டிபன் விலைக்கு ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லியை இன்னொரு பிளேட் சொல்லலாம்.

ராகம் தெரிந்தா கேட்கிறேன் என்றால், இல்லை. மன்னார்குடிப் பக்கத்துக்காரன் நான். நாதஸ்வரத்தைக் கோயில் வாசலில், சாமி பின்னால் நடந்துகொண்டே கேட்ட குடும்பம். நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் காலுக்கடியில் இழுத்துவைத்துக்கொண்டு கேட்பது எங்களுக்குப் பழக்கமில்லை. முதல்முறை போனபோது யாராவது வந்து “நீங்க யாரு?” என்று கேட்பார்கள் என்று வாசலுக்கருகிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததாலேயே அந்த அரங்குகள் எல்லாருக்குமானவை ஆகிவிட்டன என்றும் சொல்ல மாட்டேன். பாட்டு யாருக்காக, எந்த மொழியில் என்ற சண்டை இந்த ஊரில் பெரிதாகவே நடந்திருக்கிறது. அதில்தான் 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. டிசம்பரில் அதன் அண்ணாமலை மன்றத்திலும் விழா உண்டு. அங்கே ஓதுவார் பண் பாடும்போது மட்டும் ஊர்க் கோயில் பிரகாரத்தில் இருப்பதுபோல் காலை நீட்டிக்கொள்ளத் தோன்றும்.

மெரினாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றி எழுதாதவர் இல்லை. டிசம்பரில் அது நினைவுநாள்களின் கடற்கரை. 5ஆம் தேதி ஜெயலலிதா, 24ஆம் தேதி எம்.ஜி.ஆர். என்று கட்சிக்காரர்கள் கறுப்புச் சட்டையில் வரிசையாக வருவார்கள். 26ஆம் தேதி, 2004 சுனாமியில் போனவர்களுக்காக மீனவர் குப்பத்துப் பெண்கள் கடலில் பால் ஊற்றுவார்கள். அன்றைக்கு நாங்கள் சுண்டல் வாங்குவதில்லை.

இவ்வளவையும் சந்தோஷமாக அனுபவிக்கிறவனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். சென்னையில் தூறினால் எனக்கு டீக்கடை ஞாபகம் வரும். அதே காற்றழுத்தத்தில் ஊரில் பெய்தால் அப்பாவுக்குத் தூக்கம் போகும். சம்பா கதிர் வெளியே வரும் நேரம். பூக்கிறபோது விடாமல் அடித்தால் பதர் கூடிவிடும். வயலில் தண்ணீர் நின்றால் அழுகும். “வடிய மாட்டேங்குது தம்பி, வாய்க்காலும் வயலும் ஒண்ணாக் கெடக்கு” என்றார் போன வாரம். நான் அப்போது சபா வாசலில், கையில் காபி டம்ளரோடு நின்றிருந்தேன். கஜா புயலில் தென்னை போன பிறகு அந்த நெல்தான் வீட்டின் வரும்படி. என் மேன்ஷன் வாடகையும் அதில்தான். டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர்கள் அங்கே முழங்கால் தண்ணீரில் நிற்க, நான் இங்கே லஸ்கரின் சைக்கிள் படிக்குக் கவலைப்படுவதற்கு என்ன நியாயம்? இந்தக் கேள்வி கிராமத்திலிருந்து படிக்க வந்த யாரையும் விடாது. படிக்கும்போது விட்டாலும் சிரிக்கும்போது வந்து பிடிக்கும். வறுமையில் கிடைக்கும் சின்னச் சந்தோஷங்கள் என்று இதைப் புகழ்ந்து எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. என் நேரம் ஒன்றும் இலவசமில்லை. அதற்கான பணத்தை வேறொருவர் கட்டுகிறார்.

அன்றிரவு அம்மாவிடம் பேசினேன். சாப்பிட்டாச்சா என்று கேட்டதற்கு அம்மாவின் குரலில் ஒரு குஷி. “ஒங்கப்பாரு மடையில பறி வச்சாருடா. கொறவையும் கெளுத்தியும் அவ்வளவு ஏறியிருக்கு. சட்டி நெறையக் கொழம்பு. ரெண்டு வீட்டுக்குக் குடுத்தும் காலைக்கு இருக்கு.” பின்னாலிருந்து அப்பாவின் குரல்: “தலை ரெண்டையும் எனக்கு எடுத்து வையி.”

பயிர் மூழ்கிக்கிடக்கிறது. அதே தண்ணீரில் ஏறிய மீனுக்கு அவர் பறி வைக்கிறார். அதற்காகக் கவலை ஒரு பிடிகூடக் குறைந்ததாகச் சொல்ல முடியாது. விடியற்காலை மண்வெட்டியோடு அவர்தான் முதலில் வயலுக்குப் போனார். ஆனால் தலைக்குழம்பை மறுக்கவில்லை. அவர்கள் அங்கே எதையும் அனுபவிக்காமல் இருக்கிறார்கள், ஆகவே நானும் இங்கே காபியைக் கசப்பாகக் குடிக்க வேண்டும் என்று எண்ணியது என் கற்பனை. அந்தக் கற்பனையில் கொஞ்சம் அகம்பாவமும் இருக்கிறது, அவர்களை வெறும் துயரமாகச் சுருக்கிவிடும் அகம்பாவம். கடன் இருக்கிறது, அது கடனாகவே இருக்கட்டும். அதை வருத்தத்தால் அடைக்க முடியாது.

என் நெறியாளருக்குச் சம்பளம் இருக்கிறது, கார் இருக்கிறது. சாயங்கால டிக்கெட்டுகூட வாங்க முடியும். கச்சேரி கேட்டுப் பல வருஷம் ஆகிறது என்கிறார். விடைத்தாள், நாக் கமிட்டி, இன்னும் ஏதேதோ. வேலை கிடைத்தால் நானும் அப்படித்தான் ஆவேனோ என்னவோ. மாமாவின் கேள்விக்குப் பதில் கிடைக்கும் நாளில் லஸ்கரின் கதி என்ன ஆகும் என்ற பயம், வேலை கிடைக்காதோ என்ற பயத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறது.

நேற்று அப்பாவே கூப்பிட்டார். தண்ணீர் பாதி வடிந்திருக்கிறதாம். மேற்கொண்டு ஒரு விஷயம் கேட்டார்: “நீ பாக்குற அந்தப் பழைய காயிதத்துல நம்மூரு வடிகாலு எந்தப் பக்கமாப் போச்சுன்னு போட்டிருக்குமா? இப்ப எடமே தெரியல. அவனவன் வரப்ப நவுத்தி நவுத்தி அதைக் காணாமப் பண்ணிட்டான்.” வரைபடம் இருக்கலாம் என்றேன். என் படிப்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. திங்கட்கிழமை காலை முதல் சீட்டு அதற்குத்தான். கோப்பு வருவதற்கு நேரமானால் பக்கத்துக் கோப்புக் கட்டுக்குள் லஸ்கரைத் தேடுவேன். இரண்டு மணிக்கு மயிலாப்பூரில் ஒரு பெண்ணின் வயலின் இருக்கிறது, அதை விடுவதாக இல்லை.