கையொப்பமும் இசைவும்

கோப்புகளில் கையொப்பம் முறையாக உள்ளதா எனப் பார்ப்பதே எழுத்தனாகிய என் அன்றாடப் பணி. எனினும் கையொப்பம் வேறு, இசைவு வேறு என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையே.

2009-ஆம் ஆண்டில், ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வடோதராவிலும், ‘பாத்’ என்னும் அமெரிக்க நிறுவனம், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சிறுமியர்க்கு இட்டு ஆய்வு நடத்தியது. கம்மத்தில் பலர் விடுதியில் தங்கிப் பயின்ற பழங்குடிப் பிள்ளைகள். ஏழு சிறுமியர் இறந்தபின், 2010-இல் அரசு அதனை நிறுத்திவைத்தது. இறப்புக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே அரசின் விசாரணைக் குழு கருதியது. ஆயின் 2013-இல் நாடாளுமன்றக் குழு வேறொன்றைச் சுட்டியது. ஆந்திரத்தின் 9,543 இசைவுப் படிவங்களுள் 2,763-இல் கையொப்பமிட்டோர் விடுதிக் காப்பாளர்கள். 1,948-இல் இருந்தவை கைநாட்டுகள்.

சோதனையின்றி மருந்தில்லை, அத்தடுப்பூசி பயனுடையது என்பதும் உண்மையே. ஆனால் நல்லதைச் செய்வோர்க்குக் கேட்டுச் செய்வதில் தயக்கம் ஏன்? எழுத்தறியாத பெற்றோர்க்கு அப்படிவத்தைப் பொருள் விளங்கப் படித்துக் காட்டினரா? உணவும் உறைவிடமும் தரும் விடுதியில் ஒரு சிறுமி ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க இயலுமா? மறுக்க இயலாதவரின் ‘சரி’, இசைவு ஆகாது.

நம் பிள்ளைகள் கொணரும் பள்ளித் தாளையும் படித்த பின்னரே நாம் ஒப்பமிடுகிறோம். அவ்வுரிமை கம்மத்துக் காட்டில் வாழும் தாய்க்கும் உண்டன்றோ? மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணிய வள்ளுவர், மருத்துவனுக்கும் மருந்துக்கும் முன்னே நோயுற்றவனை வைத்தார். நாமோ அவனைப் படிவத்தின் கடைசி வரியில் வைத்துவிட்டோம்.